வங்கியில் எட்டு வாரம்: ஒரு மாணவியின் கோடைப் பயிற்சி

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நம் சங்கங்களில் நெடுநாளாக ஒரு பேச்சு வழங்கி வருகிறது. கடன் கிடைத்தால், "சங்கம் கொடுத்தது" என்கிறோம். கிடைக்காவிட்டால், "வங்கிக்காரர்கள் தரவில்லை" என்கிறோம். கொடுக்கும்போது நம்முடையதாகத் தோன்றும் பணம், கொடாதபோது அயலாருடையதாகத் தோன்றுகிறது. இப்பேச்சில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற கோடையில் கிடைத்தது. வாய்ப்பைத் தந்தவர் ஒரு கல்லூரி மாணவி. அவருடைய அனுபவத்தை அங்கத்தினர்கள் அறிவது நன்று எனக் கருதி, அவருடைய இசைவும் அவருடைய தந்தையாரின் இசைவும் பெற்று இதனை எழுதுகிறேன். பெயர்களையும் ஊர்களையும் மட்டும் விட்டுவிட்டேன்.

முதுகலை வகுப்பில் வணிகவியலோ பொருளாதாரமோ பயிலும் மாணவர்கள், கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஒரு நிதி நிறுவனத்தில் தங்கிப் பயிற்சி பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. ரிசர்வ் வங்கியும், நபார்டு எனப்படும் வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியும் இத்தகைய பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அழைக்கின்றன. இம்மாணவியின் தோழியர் சிலர் பெருநகரங்களிலுள்ள நிறுவனங்களை நாடினார்கள். இவரோ, தம் ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியையே நாடினார். இவருடைய தந்தையார் கொங்கு நாட்டு நெசவூர் ஒன்றில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போர்வை நெய்பவர். தாயார் தார் சுற்றுபவர். வீட்டில் இரண்டு தறிகள். நகரத்தில் அறை எடுத்துத் தங்குவதற்கு வேண்டிய பணம் அவ்வீட்டில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி எட்டு வாரம். அதில் இரண்டு வாரம் கிராமச் சங்கங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இரண்டு வாரத்துக்கும் அவரை என் சரகத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

பணம் யாருடையது?

முதல் நாள் வங்கியில் அவர் செய்த முதற் காரியம், ஓர் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திட்டது. பயிற்சிக் காலத்தில் தாம் காணும் எந்த வாடிக்கையாளரின் கணக்கையும், எந்தச் சங்கத்தின் கோப்பையும் பற்றி வெளியில் பேசமாட்டேன் என்பது அதன் சாரம். அன்று அது அவருக்கு வெறும் சடங்காகத் தோன்றியது. பின்னர் அவருடைய எட்டு வாரத்தையும் ஆட்டிப் படைத்தது அந்த ஒரு தாள்தான்.

முதல் வாரத்தில் அவருக்குத் தந்த வேலை, ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கட்டுவது. புத்தகங்களில் படித்த பெரிய தத்துவங்கள் எவையும் அங்கே தலைகாட்டவில்லை. மனம் சலித்திருந்த ஒரு நாளில், பூ விற்கும் மூதாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை எண்ணித் தம் கணக்கில் கட்டிவிட்டுப் போனார். "இந்தப் பணம் எங்கே போகிறது, ஐயா?" என்று அருகிலிருந்த அலுவலரை மாணவி கேட்டார். அவர், "உங்கள் ஊர்த் தறியில் பாவாக ஓடுவது இந்த அம்மாளின் பணந்தானம்மா" என்றார்.

அந்த ஒரு சொல் மாணவியை யோசிக்க வைத்தது. கூட்டுறவுக் கடன் அமைப்பின் படிகளை அவர் அதன் பின்னரே ஊன்றிக் கற்றார். கிராமத்தில் தொடக்கச் சங்கம். மாவட்டத்தில் மத்திய வங்கி. மாநிலத்தில் தலைமை வங்கி. மத்திய வங்கியில் பங்கு வைத்திருப்பவை தொடக்கச் சங்கங்கள். தொடக்கச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர்கள் நாம். ஆகவே மத்திய வங்கியின் உடைமையாளர் யார் என்று தேடிக்கொண்டே சென்றால், கடைசியில் நம் வீட்டுத் திண்ணையில்தான் வந்து நிற்க வேண்டும். வங்கி கடனாகக் கொடுக்கும் பணத்தில் பங்குத் தொகை ஒரு பகுதி. நபார்டு வங்கியிலிருந்து பெறும் மறுநிதி ஒரு பகுதி. எஞ்சியது பூக்கார அம்மையாரைப் போன்றவர்கள் நம்பிக் கொடுத்த வைப்பு. வைப்புகளுக்கு 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆயினும் வங்கி நடப்பது காப்பீட்டினால் அன்று. கொடுத்த கடன் திரும்பி வருவதனால்.

இவ்வமைப்பு எளிதில் வந்ததன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடெரிக் நிக்கல்சன், ஐரோப்பிய நாட்டு உழவர் வங்கிகளை ஆராய்ந்து, 1895 முதல் 1897 வரையிலான காலத்தில் தம் அறிக்கையை அளித்தார். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் நம் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பதிவாயிற்று. எனினும் அரை நூற்றாண்டு கழித்து, 1954-இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வறிக்கை, உழவர் பெற்ற கடனில் நூற்றுக்கு மூன்று பங்கே கூட்டுறவின் வழியாக வந்தது என்றும், பத்தில் ஏழு பங்கு லேவாதேவிக்காரர்களிடமிருந்து வந்தது என்றும் காட்டியது. அந்நிலை மாறுவதற்கு எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். 1982 ஜூலை 12 அன்று நபார்டு வங்கி தோன்றியதும் அம்முயற்சியின் ஒரு படியேயாகும்.

கோப்பில் கண்டதும் வீட்டில் கேட்டதும்

நான்காம் வாரத்தில் மாணவியைக் கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். நெசவாளர் சங்கங்களுக்கு வழங்கும் காசுக்கடன் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அவர் அங்கே கற்றார். நெசவாள அங்கத்தினர்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஆதலால், அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஒரு சங்கத்துக்கு இவ்வாண்டுக்கு 15,00,000 ரூபாய் கடன் வரம்பு அனுமதிக்கப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். உடனே சென்று 15,00,000 ரூபாயையும் எடுத்துவிட முடியாது. கையிலுள்ள நூல், தறியிலுள்ள பாவு, கிடங்கிலுள்ள துணி ஆகியவற்றின் மதிப்பே கடனுக்கு ஈடு. மாதந்தோறும் சரக்கிருப்பு அறிக்கை அனுப்பினால்தான் அந்த மதிப்பு வங்கிக்குத் தெரியும். சரக்கின் மதிப்பு 20,00,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் விலை கொடுக்காமல் கடனுக்கு வாங்கிய நூல் 4,00,000 ரூபாய். அதைக் கழிக்க வேண்டும். நெடுநாளாக விற்காமல் தேங்கிய துணி 6,00,000 ரூபாய். அதையும் கழிக்க வேண்டும். மீதி 10,00,000 ரூபாய். இதிலிருந்து மார்ஜின் என்னும் காப்புத் தொகையாக நூற்றுக்கு 25 வீதம் 2,50,000 ரூபாயை ஒதுக்கினால், சங்கம் எடுக்கத்தக்க தொகை 7,50,000 ரூபாய் ஆகிறது. இவை விளங்குவதற்காக நான் அமைத்த தொகைகளேயன்றி, எந்தச் சங்கத்தின் கணக்கும் அல்ல. காப்பு வீதமும் கழிவு முறையும் வங்கிக்கு வங்கி வேறுபடலாம். ஆனால் வழிமுறை இதுதான். வரம்பு 15,00,000 ரூபாயாக இருந்தும் கைக்கு எட்டுவது அதில் பாதிதான். சரக்கிருப்பு அறிக்கையே வராவிட்டால் அந்தப் பாதியும் நின்றுவிடும்.

இக்கணக்கைப் பழகுவதற்காக அவரிடம் சில கோப்புகளைக் கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பிரித்த கோப்பு அவருடைய தந்தையாரின் சங்கத்துடையது. மூன்று மாதமாகச் சரக்கிருப்பு அறிக்கை வரவில்லை. அதைக் கேட்டு வங்கி எழுதிய கடிதங்களின் நகல்கள் இருந்தன, பதில் இல்லை. ஆகவே காசுக்கடனில் பணம் எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை அவர் வீடு சேர்ந்தபோது, இரண்டு தறிகளில் ஒன்று ஓடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதமாகவே அதுதான் நிலை. சங்கத்திலிருந்து நூல் வருவது குறைந்துவிட்டது. தந்தையார், "நீ போகிற அந்த வங்கிதான் கண்ணு பணத்தை நிறுத்திவிட்டதாம். ஏனென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

மகளுக்குத் தெரியும். முதல் நாள் கையெழுத்திட்ட தாளும் நினைவிலிருந்தது. "தெரியாது" என்று பொய் சொல்ல நா எழவில்லை. "அதைப்பற்றி நான் பேசக்கூடாது, அப்பா" என்று மட்டும் சொன்னார். நெசவுக் கூலியில் தம்மைப் படிக்க வைத்த தந்தைக்கு அப்படிப் பதில் சொல்ல நேர்ந்ததை எண்ணி அன்றிரவு அவர் உறங்கவில்லை.

மஞ்சள் உழவரின் ஒன்பது நாட்கள்

அடுத்த வாரம் அவர் என் சரகத்துக்கு வந்தார். ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நாங்கள் அமர்ந்திருந்தபோது, மஞ்சள் பயிரிடும் ஓர் உழவர் கடனைக் கட்ட வந்தார். சென்ற ஆண்டு பெற்ற பயிர்க்கடன் 1,00,000 ரூபாய். அதனை முழுவதுமாகக் கொண்டுவந்திருந்தார். சங்கச் செயலாளரோ, வட்டியாக ஏறக்குறைய 7,000 ரூபாயும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார்.

"வட்டியில்லாக் கடன் என்றுதானே கொடுத்தீர்கள்?" என்று உழவர் திகைத்தார்.

வட்டியில்லாக் கடன் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பயிர்க்கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 7. தவணைத் தேதிக்குள் முழுவதும் கட்டியவர்களுக்கு மத்திய அரசு 3 விழுக்காட்டை ஊக்கத் தொகையாக அளிக்கிறது. எஞ்சிய 4 விழுக்காட்டைத் தமிழக அரசு ஏற்கிறது. இவ்வாறு இரண்டு அரசுகளும் தாங்குவதனாலேயே வட்டி இல்லாமற் போகிறது. தவணை தவறினால் இச்சலுகை போய்விடுகிறது. தவறிய நாட்களுக்குக் கூடுதல் வட்டியும் ஏறுகிறது. அவ்வுழவர் தவறியது ஒன்பது நாட்கள். மஞ்சள் விலை ஏறும் என்று சரக்கை வீட்டில் வைத்துக் காத்திருந்தார். வட்டிதான் இல்லையே, பத்து நாள் பொறுத்தால் என்ன என்பது அவர் எண்ணம்.

அவர் நினைத்திருந்தால், மஞ்சளை விற்காமலே தவணைக்குள் கடனைக் கட்டியிருக்கலாம். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிடங்கிலோ, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ மூட்டைகளை இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெற்றுப் பயிர்க்கடனைத் தீர்த்துவிட்டு, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பொருளீட்டுக் கடனுக்கு வட்டி உண்டு. ஆயினும் சில வாரங்களுக்கு ஆகும் வட்டி, ஓராண்டு வட்டியைவிட மிகக் குறைவு. இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை.

உழவர் சென்ற பின் மாணவி என்னை நோக்கி, "தவணைத் தேதி அவருக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டார். "பாஸ்புத்தகத்தில் அச்சாகி இருக்கிறதே" என்றேன். அவர் மேசைமேல் கிடந்த ஒரு பாஸ்புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கணிப்பொறி அச்சிட்ட வரிகளில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களுக்கு நடுவே அந்தத் தேதி ஒளிந்திருந்தது. பட்டம் பெற்ற நானே அதைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

இவ்விடத்தில் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். அச்சங்கத்தை நான் பலமுறை பார்வையிட்டிருக்கிறேன். "அங்கத்தினர்களுக்குப் பாஸ்புத்தகம் வழங்கப்பட்டுள்ளதா?" என்ற கேள்விக்கு எதிரே, "ஆம்" என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறேன். அதைப் படித்து அவர்களுக்குப் பொருள் விளங்குகிறதா என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. என் ஆய்வறிக்கை சரியாகவே இருந்தது; உழவருக்கு மட்டும் 7,000 ரூபாய் நட்டம்.

மாணவி கேட்ட கேள்வி

அன்று மாலை பேருந்துக்குக் காத்திருக்கையில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, வங்கியில் பார்த்த ஒன்றை வீட்டில் சொல்லக்கூடாது என்பது சரி. சொல்லாவிட்டால் நம் மக்களுக்கே தீங்கு வருமானால் என்ன செய்வது?"

எந்தச் சங்கம், எந்தக் கோப்பு என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதலில் நான் சொன்ன பதில் இது: "உறுதிமொழியை மீறக்கூடாது. உன் தந்தையாரின் கடன் கணக்கைப் பயிற்சிக்கு வரும் வேறொரு மாணவர் பார்த்து, ஊர் முழுதும் சொன்னால் நீ பொறுப்பாயா? வங்கியில் இரகசியம் காப்பது நம் எல்லோருக்கும் வேலி. ஆனால், தம் சங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கத்தினருக்கு உரிமை உண்டு. அவர் தம் சங்கத்திலேயே கேட்கலாம். எதைக் கேட்பது என்பதை மட்டும் நீ அவருக்குச் சொல்லிக்கொடு."

அவர் உடனே, "விடையைத் தெரிந்துகொண்டு கேள்வியை எழுதிக் கொடுத்தால், அதுவும் விடையைச் சொன்னது போலத்தானே, ஐயா?" என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் சொன்னதே நியாயம். இரவெல்லாம் யோசித்து மறுநாள் ஒரு வழி சொன்னேன். ஒரு சங்கத்துக்கு என்று எழுதாமல், நெசவாளரும் உழவரும் எந்தச் சங்கத்திலும் கேட்கத்தக்க பொதுக் கேள்விகளாக இருவரும் சேர்ந்து எழுதுவது. வங்கி மேலாளரிடம் முன்னதாகவே காட்டி ஒப்புதல் பெறுவது. மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் நடத்தும் அங்கத்தினர் கல்வி வகுப்புகளில், எல்லா ஊர்களிலும் ஒரே தாளாக வழங்குவது. மாணவி தம் நிலையையும் மறைக்காமல் மேலாளரிடம் சொன்னார். தம் தந்தையார் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதைக் கூறி, அச்சங்கத்தின் கோப்பைத் தம்மிடம் மீண்டும் தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மேலாளர் தாளைப் படித்துவிட்டு, "இதை நாங்களே பத்து ஆண்டுகளுக்கு முன்பு அச்சிட்டிருக்க வேண்டும்" என்றார்.

ஏழு கேள்விகள்

அத்தாளில் இருந்தவை இவை:

1. நம் சங்கத்துக்கு இவ்வாண்டு அனுமதிக்கப்பட்ட கடன் வரம்பு எவ்வளவு? இன்றைக்கு அதில் எடுக்கத்தக்க தொகை எவ்வளவு?

2. சென்ற மாதத்துச் சரக்கிருப்பு அறிக்கை எந்தத் தேதியில் வங்கிக்கு அனுப்பப்பட்டது?

3. கிடங்கில் ஓராண்டுக்கு மேல் தேங்கிக் கிடக்கும் துணியின் மதிப்பு எவ்வளவு?

4. நம்மிடம் சரக்கு வாங்கியவர்கள் தரவேண்டிய பாக்கி எவ்வளவு? எத்தனை மாதப் பாக்கி?

5. என் கடனுக்குத் தவணைத் தேதி எது? மாதத்தையன்று, நாளையே சொல்க.

6. அந்நாளுக்குள் கட்டினால் நான் தரவேண்டியது எவ்வளவு? தவறினால் எவ்வளவு?

7. சங்கம் கொடுத்த கடனில் தவணை தவறி நிற்பது நூற்றுக்கு எவ்வளவு?

இவற்றில் முதல் நான்கு நெசவாளர்க்கும், அடுத்த இரண்டு உழவர்க்கும் முதன்மையானவை. ஏழாவது எல்லோருக்கும் உரியது. ஒருவர் தவணை தவறினால் தொல்லை அவரோடு நிற்பதில்லை. சங்கத்துக்கு வரவேண்டிய பணம் வராவிடில், சங்கம் வங்கிக்குக் கட்ட முடியாது. வங்கிக்குக் கட்டாத சங்கத்துக்கு அடுத்த பருவத்தில் கடன் குறையும். அப்போது, ஒழுங்காகக் கட்டிய அண்டை வீட்டுக்காரரும் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

பின்னர் நடந்தது

ஏழாவது வாரத்தில், மாணவியின் ஊரிலும் கல்வி வகுப்பு நடந்தது. வேறு பல ஊர்களில் கொடுத்த அதே தாளை அங்கும் கொடுத்தோம். மாணவி வகுப்புக்கு வரவில்லை. வராதிருப்பதே முறை என்று அவர் கருதினார். நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் உள்ளவை. ஆகவே அச்சங்கத்தின்மீது எனக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. நான் கேள்விகளுக்கு விளக்கம் சொன்னதோடு சரி.

இரண்டு நாள் கழித்து, நெசவாளர் எட்டுப் பேர் அத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குச் சென்றார்கள். மாணவியின் தந்தையார் அவர்களுள் ஒருவர். இரண்டாவது கேள்வியில் உண்மை வெளிப்பட்டது. அறிக்கை தயாரிக்கும் எழுத்தர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார். புதியவருக்குக் கணிப்பொறியில் அதை நிரப்பும் முறை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன. எவரும் ஒரு காசும் கையாடவில்லை. எவருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆயினும் தறிகள் நின்றன.

பத்து நாட்களுக்குள் அறிக்கைகள் வங்கிக்குச் சென்றன. வங்கி அலுவலர் கிடங்குக்கு வந்து சரக்கைச் சரிபார்த்தார். பணம் எடுக்க அனுமதி கிடைத்தது; நூலும் வந்தது. ஆனால் முன்போல் முழு அளவில் வரவில்லை. மூன்றாவது கேள்விக்கு உரிய விடை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. போர்வைகள் இரண்டு ஆண்டுகளாக விற்காமல் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்கு ஈடாக வங்கி பணம் தராது. அவற்றைத் தள்ளுபடி விலைக்கு விற்றுவிடுவது என்றும், இனி விற்கும் வகைகளையே நெய்வது என்றும் பின்னர் நடந்த பேரவையில் முடிவு செய்தார்கள். இச்செய்திகள் எல்லாம் அப்பேரவையில் வெளிப்படையாகப் பேசப்பட்டவை. அதனாலேயே நான் இங்கு எழுத முடிகிறது.

தறி நின்ற நாட்களின் கூலி எவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. மஞ்சள் உழவரும் தம் வட்டியைக் கட்டியே தீரவேண்டியதாயிற்று.

பயிற்சி முடிந்த அன்று மாணவி என்னிடம் விடைபெற வந்தார். வீட்டில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். சங்கத்திலிருந்து திரும்பிய தந்தையார், "இது உனக்கு முன்பே தெரியுமா, கண்ணு?" என்று கேட்டாராம். மகள் தலை குனிந்து நின்றாராம். அவர் சிறிது நேரம் பேசாமல் தறிக்குழியில் அமர்ந்திருந்துவிட்டு, "நீ சொல்லவில்லை என்று எனக்கு வருத்தந்தான். ஆனால் நான் கேட்க வேண்டிய இடம் நீ இல்லை, நம் சங்கம். இருபது வருடமாக அங்கத்தினனாக இருக்கிறேன். இதற்குமுன் ஒரு கேள்வி கேட்டதில்லை" என்றாராம்.

அன்பர்களே! கல்லூரிக்கு அம்மாணவி எழுதிக் கொடுத்த அறிக்கையில் பட்டியல்களும் விகிதங்களும் நிறைய உள்ளன. நான் கற்றது சிறிது. இப்போது ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றால், பாஸ்புத்தகம் வழங்கப்பட்டுள்ளதா என்று மட்டும் கேட்பதில்லை. அங்கே வந்திருக்கும் அங்கத்தினர் ஒருவரை அழைத்து, அவருடைய புத்தகத்தைக் கொடுத்து, தவணைத் தேதியைப் படித்துக் காட்டச் சொல்கிறேன். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கே அது முடிகிறது. முடியாதவர்களுக்காக, அட்டையின் உட்புறத்தில் தமிழில் பெரிய எழுத்தில் தேதியை எழுதிக் கொடுக்கும்படி செயலாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில சங்கங்களில் செய்கிறார்கள்; சிலவற்றில் இன்னும் செய்யவில்லை.

இன்று மாலை வீட்டில் விளக்கேற்றியதும் உங்கள் பாஸ்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் தவணைத் தேதி எங்கே உள்ளது என்று தேடுங்கள். கிடைத்தால் சுவரில் எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால், நாளைக் காலையில் சங்கத்துக்குச் சென்று கேளுங்கள். அந்த வீடு உங்களுடையது. உள்ளே சென்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.